வராத பொண்ணுக்கு நன்னடத்தை விருது

ஜனவரி 9

காலைலருந்து உடைஞ்ச ஸ்கிரீனா மாத்தி மாத்தி விரல் நுனியெல்லாம் பசை. செல்போன் சர்வீஸ் கடைல வேலைக்குச் சேந்தா சும்மா உக்காந்து பாட்டு கேக்கலாம்னு நினைச்சேன் பாரு, என்னச் சொல்லணும்.

ஓனர் அண்ணன் — எனக்கு ஒண்ணும் சொந்தம் இல்ல, தெருவுக்கே அவரு அண்ணன் — சொல்றாரு, "உன் கை நல்லா ஓடுது, வாய் அதவிட நல்லா ஓடுது. ரெண்டுல ஒண்ண நிறுத்து." கைய நிறுத்தினேன். அதுக்கும் திட்டினாரு.

சாயங்காலம் ஸ்பீக்கர் வந்தா. பள்ளிக்கூடத்துல என் பெஞ்சுக்காரி. காதோரம் ரகசியம் சொன்னாக்கூட கடைசி பெஞ்சுக்குக் கேக்கும், அதான் பேரு. செல்போனத் தண்ணிக்குள்ள போட்டுட்டாளாம். கழட்டிக் காய வச்சுக்கிட்டே, "எப்படி இருக்கு நம்ம கிளாஸ்?"ன்னு சும்மா ஒரு வார்த்தை கேட்டேன்.

"நீ கேக்கறியா? எங்க எல்லாரையும் விட உன் அட்டென்டன்ஸ்தான்டி நல்லா இருக்கு."

ஸ்க்ரூ டிரைவர் கைலருந்து விழுந்துடுச்சு.

ஜனவரி 10

நேத்து அதுக்கு மேல எழுத முடியல, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலி. இன்னிக்கு ஒழுங்கா எழுதறேன்.

நான் ஸ்கூல விட்டு வந்தது ஆகஸ்ட்ல. மறுநாள் காலைல கிளாஸ் சார் அட்டென்டன்ஸ் எடுக்கறாரு. அவருக்கு நாங்க வச்ச பேரு தரைப்பார்வை. ரிஜிஸ்டர்ல குனிஞ்சாருன்னா கடைசி நம்பர் வரைக்கும் நிமிர மாட்டாரு. பேரும் சொல்ல மாட்டாரு, நம்பர்தான். "முப்பத்தேழு"ன்னாரு. அது நானு. நான் ஒருநாள் கோவத்துல லீவு போட்டிருக்கேன்னு நினைச்சு ஸ்பீக்கர், "உள்ளேன் சார்"னுட்டா.

அதுக்கடுத்த நாளும் நான் போகல. வேற ஒருத்தி சொன்னா. அப்புறம் அது விளையாட்டாயிடுச்சு. இன்னிக்கு யாரு முப்பத்தேழு சொல்றதுன்னு முறை போட்டுக்கிட்டாங்களாம். பசங்களும் சொல்லியிருக்கானுங்க. வக்கீல்னு ஒருத்தன் எங்க கிளாஸ் லீடரு, எதுக்கெடுத்தாலும் பாயின்ட் பேசுவான். அவன் ஒருநாள் கீச்சுக் குரல்ல "உள்ளேன் சார்"னு சொல்லி, தரைப்பார்வை குனிஞ்சமேனிக்கே, "தொண்டை சரியில்லையாம்மா? வெந்நி குடி"ன்னாராம்.

அதோட விட்டாங்களா? டெஸ்ட் பேப்பரும் எழுதியிருக்காங்க. யாருக்கு எது வருதோ அது. அதனால எனக்கு கெமிஸ்ட்ரில தொண்ணூத்தி ரெண்டு, கணக்குல பதினாலு. "கணக்கு யாருடி எழுதினது?"ன்னு கேட்டேன். "நான்தான். ஆசையா இருந்துச்சு, எழுதிக் குடுத்தேன்"ங்கறா ஸ்பீக்கர். அவளுக்கே ஒம்பதுதானாம். எனக்கு நல்லா எழுதியிருக்கா!

ஜனவரி 11

சிரிப்பு அடங்கினப்புறம் ஒரு மாதிரி இருக்கு.

ஆகஸ்ட்ல அன்னிக்கு லேப்ல குடுவை உடைஞ்சுது. நான் உடைக்கல. நான் உடைச்சா நானே சொல்லிடுவேன், அது எல்லாருக்கும் தெரியும். லேப் மேடம் என்னப் பாத்து, "நாளைக்கு அப்பாவ கூட்டிட்டு வந்தாத்தான் உள்ள"ன்னாங்க. "நீங்க கண்டுபிடிச்சா நீங்க கூட்டிட்டு வாங்க மேடம். நாங்களும் தேடிட்டுதான் இருக்கோம்"னேன். கிளாஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். பைய எடுத்துக்கிட்டு, கதவ டமார்னு சாத்திட்டு வந்துட்டேன். அந்த மேடம் மாத்தலாகிப் போயிட்டாங்களாம்.

அவ்ளோ சத்தமா சாத்திட்டு வந்தேனே. யாருக்குமே கேக்கலையா? நான் போனதே ரிஜிஸ்டருக்குத் தெரியல. இதுல நான் சந்தோஷப்படணுமா, கோவப்படணுமா?

போ. தூக்கம் வருது.

ஜனவரி 22

தரைப்பார்வை கடைக்கு வந்தாரு! சத்தியமா!

குனிஞ்சுகிட்டே நடந்து கம்பத்துல மோதியிருக்காரு. போன் விழுந்து கண்ணாடி தூள். நான்தான் மாத்தினேன். நேருக்கு நேரா உக்காந்து என் கையவே பாத்துட்டு இருந்தாரு.

"நல்லா வேலை பாக்கறியேம்மா. படிக்கலையா?"

"படிக்கறேன் சார்."

"ரெண்டையும் எப்படிம்மா சமாளிக்கற? ஸ்கூலுக்கு ஒழுங்காப் போறியா?"

"ஒருநாள்கூட விட்டதில்ல சார்."

"சபாஷ்." நிமிந்து என் மூஞ்சிய ஒரு தடவ பாத்தாரு. "எங்க கிளாஸ்ல இருக்குதுங்களே, அதுங்களுக்கு நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும்."

அண்ணன் டீ டம்ளர வச்சுட்டு பின்னாடி ரூமுக்கு ஓடிட்டாரு. அவருக்கு எல்லாத்தையும் சொல்லியிருந்தேன். உள்ளருந்து இருமற மாதிரி ஒரு சத்தம். ரொம்ப நேரம்.

ஜனவரி 30

ஒண்ணும் இல்ல. சார்ஜர், சார்ஜர், சார்ஜர்.

பிப்ரவரி 6

இன்னிக்குக் கடைக்கு முன்னாடி ஒரு கும்பல். ஸ்பீக்கர், வக்கீல், முதல் பெஞ்சு (படிக்கற பொண்ணு, கண்ணாடி, எதுக்கும் முதல்ல பயப்படும்). மூணு மூஞ்சியும் வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி.

எங்க கிளாஸப் பத்தி ரெண்டு வரி எழுதாம இது புரியாது. பிரின்சிபால் வருஷா வருஷம் மேடைல, "இதுவரைக்கும் வந்ததுலயே மோசமான வகுப்பு"ன்னு ஒண்ணச் சொல்வாரு. எங்களப் பத்தி மூணு வருஷமாச் சொல்றாரு. காரணம், நாங்க எதையும் தனியாப் பண்ண மாட்டோம். வாயத் தெறக்காம 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் போடுவோம், சார் எந்தப் பக்கம் திரும்பறாரோ அந்தப் பக்கம் நிக்கும், மறுபக்கம் ஆரம்பிக்கும். சாப்பாட்டு டப்பா கடைசி பெஞ்சுலருந்து முன்னாடி போனா காலியாத்தான் திரும்பி வரும், ஆனா பசியோட எவனும் இருக்க மாட்டான். "யாரு பண்ணினது?"ன்னு கேட்டா மொத்தக் கிளாஸும் எந்திரிச்சு நிக்கும். சுவத்துக் கடிகாரத்த முன்னாடி தள்ளி வச்சு ஒரு வாரம் எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனோம். வாட்ச்மேனும் சேந்து போனாரு.

இந்தக் கிளாஸ்லருந்து ஒருத்தருக்கு பிரிவு விழால நன்னடத்தை விருதாம். இந்த வருஷம் டீச்சருங்க தேர்ந்தெடுக்காம, நீங்களே சீட்டுல எழுதிப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. ரகசிய வாக்கெடுப்பு.

"அதுக்கு ஏன்டா என்கிட்ட வந்தீங்க?"ன்னு கேட்டேன்.

வக்கீல் தொண்டையச் செருமினான். "நான் ஒரு ஜோக்குக்கு உன் நம்பர எழுதினேன். நான் ஒருத்தன்தானேன்னு."

"நானும்தான்டி"ன்னா ஸ்பீக்கர்.

முதல் பெஞ்சு அழுதுடும் போல. "எனக்கு வாழ்க்கைலயே வந்த ஒரே ஜோக்கு அது."

மொத்தக் கிளாஸும்! ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம, ஒவ்வொருத்தரும் நாம மட்டும்தான்னு நினைச்சு, ஒரே குறும்பப் பண்ணி வச்சிருக்கு. ஒரே ஒரு ஓட்டுதான் வேற யாருக்கோ. வக்கீலுக்கு. அதுவும் நம்பர் மாறிப் போட்டதாம்.

பிரின்சிபாலுக்குப் புல்லரிச்சுப் போச்சாம். "இப்படி ஒருமனதா ஒரு மாணவியப் பாராட்டின வகுப்ப நான் பாத்ததில்ல. ரிஜிஸ்டரையும் பாத்தேன். லேட் இல்ல, புகார் இல்ல, ஒருநாள் லீவு இல்ல"ன்னு சொன்னாராம்.

லீவு இல்லதான். ஸ்கூலே இல்ல.

பிப்ரவரி 7

வக்கீல் இன்னிக்குத் தனியா வந்தான். பாயின்ட் பாயின்டாப் பேசினான், ஆனா குரல்ல வழக்கமா இருக்கற திமிரு இல்ல.

இருபதாம் தேதி மேடைல முப்பத்தேழுன்னு கூப்பிடுவாங்க. ஆள் வரலன்னா தேடுவாங்க. தேடினா ரிஜிஸ்டரத் தோண்டுவாங்க. தோண்டினா எல்லாருக்கும் ஹால் டிக்கெட் நிக்கும். பொதுத்தேர்வு போச்சு, ஒரு வருஷம் போச்சு. முதல் பெஞ்சுக்கு மேல படிக்கறதுக்கு எடம் பேசி வச்சிருக்காங்க. ஸ்பீக்கர் பாஸானாத்தான் அவ அக்கா அவள வெளியூர் கூட்டிட்டுப் போவா.

"நீ வந்து வாங்கிட்டுப் போயிடு. ஒரு மணி நேரம்"ன்னான்.

"அந்தப் படி ஏற மாட்டேன்னு வந்தவடா நான்."

"தெரியும்."

"நான் கேட்டேனா உங்கள, எனக்கு உள்ளேன் சொல்லுங்கன்னு?"

"உன் எடம் காலியா இருந்தா நல்லா இல்ல, அதான்"ன்னான். பாயின்டே இல்லாம அவன் பேசி நான் கேட்டது இதான் முதல் தடவ.

யோசிக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டேன். என்ன யோசிக்கறது? போகலன்னா அத்தன பேரும் மாட்டுவாங்க. போனா நான் மாட்டலாம். அவங்க மாட்டறதுக்கு நான் காரணமா? இல்ல. ஆனா இருக்கற மாதிரி இருக்கு.

பிப்ரவரி 12

பெரிய வெடி.

அம்மா ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துலருந்து வந்ததும் வராததுமா போன என் மூக்குக்கு நேரா நீட்டினாங்க. ஸ்கூல்லருந்து மெசேஜ். 'தங்கள் மகள் நன்னடத்தை விருதுக்குத் தேர்வு. பெற்றோர் அவசியம் வருகை தரவும்.'

"எந்த ஸ்கூல்லடி இது? நீ போகாத ஸ்கூல்லயா?"

சொல்லிட்டேன். எல்லாத்தையும். நின்னுகிட்டே கேட்டாங்க. முடிச்சதும் சுவத்துல சாஞ்சு, அப்படியே வழுக்கித் தரைல உக்காந்து — சிரிக்கறாங்க! ஆகஸ்ட்லருந்து என்கிட்ட 'சாப்பிட்டியா', 'கதவச் சாத்து' தவிர வேற பேசாத அம்மா. கண்ணுல தண்ணி வர வர சிரிச்சாங்க. "நீ வீட்டுல இருந்தாத்தான் பிரச்சனை, இல்லாத எடத்துல எல்லாம் நல்ல பேரு வாங்கியிருக்க."

அப்புறம் மூஞ்சிய முந்தானைல துடைச்சுக்கிட்டு, "அரை நாள் லீவு கேட்டிருக்கேன்"னாங்க.

"எதுக்கு?"

"என் பொண்ணுக்கு விருது. நான் போகாம?"

நான் போறேன்னு யாருக்கும் சொல்லவே இல்ல. முடிஞ்சு போச்சு விஷயம்.

பிப்ரவரி 18

யூனிஃபார்ம் பிரச்சனை. என்னோடத வெட்டிக் கடைல ஸ்கிரீன் துடைக்கற துணியாக்கிட்டேன். நல்லாத் துடைக்கும்.

கிளாஸே சேந்து எனக்கு ஆடை சேக்குது. சட்டை ஸ்பீக்கரோடது, லூசு. பாவாடை முதல் பெஞ்சோடது, குட்டை. டை வக்கீலோடது, பேனா மை. ஷூ யாருதுன்னு தெரியல, ஒண்ணு கொஞ்சம் பெருசு.

அண்ணன் பாத்துட்டு, "உதிரி பாகமெல்லாம் வேற வேற மாடல்ல போட்டு அசெம்பிள் பண்ணின மாதிரி இருக்க"ன்னாரு.

பிப்ரவரி 20

எழுதறேன். யூனிஃபார்மக்கூட மாத்தல இன்னும்.

கேட்டுக்குள்ள போனேன். கிளாஸ் பசங்க சுத்தி வளைச்சு, நான் தனியா தெரியாத மாதிரி நடுவுல வச்சுக் கூட்டிட்டுப் போனானுங்க. ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி. விழாவுக்குத் தூக்கிட்டு வந்து போட்டிருந்த எங்க கிளாஸ் பெஞ்சுலயே, என் பழைய எடத்துல உக்கார வச்சாங்க. எடம் இருந்துச்சு. நிஜமாவே யாரும் உக்காரல அங்க.

பிரின்சிபால் வழக்கம்போல, "இதுவரைக்கும் வந்ததுலயே..."ன்னு ஆரம்பிச்சாரு. நாங்க கை தட்டினோம். நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சாரு. மறுபடி தட்டினோம். வெறுத்துப் போயி அந்த வரிய விட்டுட்டாரு.

அப்புறம் கூப்பிட்டாங்க. மேடை ஏறினேன். ஷூ ஒண்ணு கழண்டு படியிலயே நின்னுடுச்சு. ஒத்தக் கால் ஷூவோட போயி நின்னேன். அம்மா மூணாவது வரிசைல, சலவைக் கூடத்துச் சட்டையோடவே, முதுகு நேரா உக்காந்திருந்தாங்க. அவங்க அப்படி நேரா உக்காந்து நான் பாத்ததே இல்ல.

கேடயம் குடுத்தாரு பிரின்சிபால். குடுத்துட்டு மைக்க என் கைல திணிச்சுட்டாரு. "ஒழுக்கமா இருக்கறது எப்படின்னு உன் நண்பர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லும்மா."

இத யாரும் எதிர்பாக்கல. கீழ பாத்தா முதல் பெஞ்சு கண்ண மூடிக்கிச்சு. வக்கீல் தலைய ஆட்டறான், வேணாம் வேணாம்னு. எனக்குத் தெரியும் அவனுக்கு என்ன பயம்னு. என் வாயி. உண்மையப் போட்டு உடைச்சிடுவேன்னு. உடைச்சிருக்கலாம். நாக்கு நுனில இருந்துச்சு.

"கிளாஸ்ல நாம இருக்கமா இல்லையான்னே யாருக்கும் தெரியக் கூடாது சார். அவ்ளோதான்"னேன்.

அப்புறம் எங்க கிளாஸ் வெடிச்சுது பாரு! பெஞ்சத் தட்டி, விசிலடிச்சு, ஸ்பீக்கர் சிரிச்ச சிரிப்புல மைக்கே ஊளை விட்டுச்சு. பிரின்சிபாலுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "பாத்தீங்களா, இதுதான் அடக்கம்!"ன்னாரு.

அம்மா வாயப் பொத்திக்கிட்டு குனிஞ்சுட்டாங்க. தோள் ரெண்டும் குலுங்குது.

இறங்கறப்பதான் பாத்தேன். மேடை ஓரமா தரைப்பார்வை. கீழ கெடந்த என் ஷூவ எடுத்துக் குடுக்கக் குனிஞ்சிருக்காரு. அது தரையில இருக்கற பொருள், அவரு கண்ணுக்குப் பட்டிருக்கு. எடுத்து நீட்டினவரு மெதுவா நிமிந்தாரு. கால், பாவாடை, டை, மூஞ்சி.

போன் கடைப் பொண்ணு.

"நீயாம்மா?"ன்னாரு. ஷூவ வாங்கிக்கிட்டு ஓடிட்டேன்.

பிப்ரவரி 21

வரல. ஒவ்வொரு தடவ கடைக் கதவு தொறக்கறப்பவும் அவருதானோன்னு நிமிந்து பாக்கறேன். ஸ்பீக்கர் நாலு தடவ போன் பண்ணிட்டா. "சொல்லிட்டாராடி?" தெரியலடி. தெரிஞ்சா நான் ஏன் இங்க ஒரே ஸ்க்ரூவ கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருக்கேன்?

பிப்ரவரி 22

வந்தாரு.

அண்ணன் பாத்ததும் ஸ்டூலப் போட்டுட்டு, போற போக்குல என் தலைல ஒரு தட்டு தட்டிட்டு வெளிய போயிட்டாரு. தரைப்பார்வை உக்காந்தாரு. திட்டுவாருன்னு காத்திருந்தேன். பதில் எல்லாம் ரெடியா வச்சிருந்தேன், நல்ல நல்ல பதிலு.

திட்டல. "ராத்திரி ரிஜிஸ்டர எடுத்து வச்சுப் பாத்தேன்மா. உன் நம்பருக்கு நேரா நான் போட்ட டிக்கு எல்லாம். ஒவ்வொண்ணும் என் கையெழுத்து"ன்னாரு.

"நீங்க நிமிந்து பாத்திருக்கலாம் சார்." வாய்! என் வாய்!

"பாத்திருக்கலாம்" — அப்படியே ஒத்துக்கிட்டாரு. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கணக்கு டீச்சரா வந்தப்பவே பசங்க மூஞ்சியப் பாத்தா அவருக்கு வார்த்தை வராதாம். பயமாம். அதான் குனிஞ்சாராம். இத்தன வருஷமா.

"இப்ப நான் மேல சொன்னா அந்தக் கிளாஸ் மொத்தமும் போயிடும். என் வேலையும் போயிடும். சொல்லலன்னா இது பொய்யாவே நிக்கும். ஒரே ஒரு வழிதான் இருக்கு. நீ வந்துடணும். நாளைலருந்து பரீட்சை வரைக்கும் நிஜமா வரணும். நடந்தது நடந்ததுதான், அதுக்கு மேல ஒரு டிக்குகூட நான் பொய்யாப் போட மாட்டேன்."

வாத்தியாரு என்கிட்ட கெஞ்சறாரு! இந்தக் காட்சிக்காகவே ஆகஸ்ட்லருந்து கனவு கண்டிருக்கேன். ஆனா கனவுல அவரு சட்டைப் பித்தான மாத்திப் போட்டிருக்கல. இவரு போட்டிருந்தாரு. அதப் பாத்துட்டு ஜெயிச்ச மாதிரி சிரிக்க முடியல.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். கெமிஸ்ட்ரில தொண்ணூத்தி ரெண்டு நான் எடுத்தது இல்ல."

"தெரியும். கணக்குல பதினாலு?"

"அதுவும் நான் இல்ல. நான் எழுதியிருந்தா இன்னும் குறைஞ்சிருக்கும்."

சிரிச்சுட்டாரு. பல்லெல்லாம் இருக்கு அவருக்கு! நான் பாத்ததே இல்ல.

"ஒரு கண்டிஷன்"னேன். "அப்பாவக் கூட்டிட்டு வான்னு யாரும் கேக்கக் கூடாது. என்ன பண்ணினாலும். குடுவை உடைச்சாலும், ஸ்கூலையே உடைச்சாலும்."

சொன்னப்புறம்தான் என் குரல் ஒடைஞ்சது தெரிஞ்சுது. சனியன்.

என்னயே பாத்துட்டு இருந்தாரு. நேரா. அவருக்கும் அது கஷ்டமாத்தான் இருந்திருக்கும், கழுத்துல நரம்பு தெரிஞ்சுது. "கேக்க மாட்டாங்க. கேட்டா, என்னக் கூப்பிடுன்னு சொல்லு"ன்னாரு.

சரின்னு சொல்லல நான். "யோசிக்கறேன்"னேன். அவரு போனதும் அண்ணன் உள்ள வந்து, "சாயங்காலம் மட்டும் கடைக்கு வா. காலைல உன் வாய்லருந்து எனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்"னாரு. ஒட்டுக் கேட்டிருக்காரு, கெழட்டுப் பய.

பிப்ரவரி 23

போனேன்.

பிப்ரவரி 27

கணக்கு டெஸ்ட். சொந்தக் கையால. ஆறு மார்க். "என்னோட பதினாலக் காப்பாத்தத் தெரியல உனக்கு"ன்னு ஸ்பீக்கர் கோவிச்சுக்கிட்டா. முதல் பெஞ்சு மதியம் பூரா உக்காந்து சொல்லிக் குடுத்துச்சு. ஒவ்வொரு தடவ நான் தப்புப் பண்றப்பவும் அதுதான் "சாரி"ங்குது.

அம்மா கேடயத்த சமையல் மேடைல வச்சிருக்காங்க. கரண்டியெல்லாம் அதுல சாத்தி வைக்க வசதியா இருக்காம்.

மார்ச் 4

வராண்டாவுல நின்னுகிட்டு எழுதறேன், தூண் மேல நோட்ட வச்சு. உள்ள மூணாவது பீரியட், கணக்கு ரிவிஷன். தரைப்பார்வை என்ன வெளிய அனுப்பிட்டாரு. முன்னாடி உக்காந்திருந்த பொண்ணுகிட்ட ஒரு ஸ்டெப் எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமா. கொஞ்சம் கெட்ட வார்த்தையோட. "நன்னடத்தை, வெளிய போய் நில்லு"ன்னாரு. கிளாஸ் 'ம்ம்ம்'னு ஆரம்பிச்சுது.

நான் வந்து நின்ன கொஞ்ச நேரத்துல ஸ்பீக்கர் வந்தா. தண்ணி குடிக்கணும்னு கேட்டாளாம். அப்புறம் வக்கீல், மூக்குல ரத்தம்னு சொல்லிட்டு. மூக்கு நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ரெண்டு பசங்க, காரணமே சொல்லல. முதல் பெஞ்சு வந்து நின்னப்பதான் எங்க எல்லாருக்கும் ஆச்சரியம். "நான் ஹோம்வொர்க் பண்ணலன்னு பொய் சொன்னேன்"னு நடுங்கிட்டே சொல்லுது. இப்ப வராண்டா நெறைஞ்சுடுச்சு. உள்ள அவரும் நாலஞ்சு பேரும்தான் இருப்பாங்க போல. இருந்தாலும் நிறுத்தல, போர்டுல சாக்பீஸ் சத்தம் கேட்டுட்டே இருக்கு.

இங்க இவங்க கத்தற கத்துல ஒண்ணும் காதுல விழல. ஸ்பீக்கர் நேத்துப் பாத்த படக் கதைய ஊருக்கே சொல்லிட்டிருக்கா.

"வாய மூடுங்கடீ கொஞ்சம்! டேய், நீயும்தான்! கடைசியா எந்த ஃபார்முலான்னாரு?"

எல்லாரும் சட்டுன்னு நிறுத்திட்டு என்னயே பாக்கறாங்க.

என்ன பாக்கறீங்க? எனக்குப் பரீட்சை இருக்குல்ல.